கடிகாரத்துக்கு முதுகுவலி

எங்கள் ஊரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான் அதை முதன்முதலாக நெருங்கிப் பார்த்தபோது அதற்கு ஐம்பத்து மூன்று வயது. வெற்றிலை போடும். பெண்சாதியிடம் திட்டு வாங்கும். வானம் மூடிக்கொண்டால் அன்றைக்கு அதற்கு விடுமுறை.

பெயர் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. நிழல்காரர் என்றால்தான் தெரியும். கால்வாயின் தலைப்பில் கழனி உள்ள தலைமடைக்காரர்கள் அவரை அண்ணே என்பார்கள். கால்வாயின் கோடியில் இருக்கும் கடைமடைக்காரர்களாகிய நாங்கள் மாமா என்போம். இரண்டு உறவும் கிடையாது. தண்ணீர் விடுகிற மனிதரோடு ஏதாவது ஓர் உறவு இருக்கட்டுமே என்கிற முன்யோசனைதான்.

ஊர் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், பாலாற்றங்கரையில். பாலாறு என்று பெயரே தவிர, வருஷத்தில் பெரும்பகுதி அது மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கும். வெள்ளம் வடிந்ததும் ஊர் கூடி, மண்வெட்டியும் கூடையுமாக ஆற்றில் இறங்கி, மணலை நீளமாகத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கால்வாயாகக் கழனிக்கு அழைத்து வருவோம். ஊற்றுக்கால் என்று அதற்குப் பெயர். தோண்டுகிற பத்து நாளும் எங்கள் ஊரைப்போல ஒற்றுமையான ஊர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. தண்ணீர் வந்த மறுநாள் அந்த ஒற்றுமை முடிந்துவிடும்.

முறை இதுதான். விடிந்ததிலிருந்து, ஓர் ஆளின் நிழல் நாலடியாகக் குறுகும்வரை தண்ணீர் தலைமடைக்கு. அதற்குப் பிறகு கடைமடைக்கு. உச்சி தாண்டி நிழல் மறுபடியும் நாலடியாக நீண்டதும் கோயில் கழனிக்கு. கோயிலுக்காகச் சண்டை போட ஆள் கிடையாது, சாமி பேசாது. ராத்திரித் தண்ணீர் ஆடுமாடு குடிக்கக் குட்டைக்கு.

நாலடி சரி, யாருடைய அடி? முன்காலத்தில் அவனவன் நிழலை அவனவன் காலால் அளந்திருக்கிறான். முண்டாசு கட்டிக்கொண்டு அளந்தவன் உண்டு, கூன் போட்டுக்கொண்டு அளந்தவன் உண்டு. இரண்டு மண்டை உடைந்த பிறகு ஊருக்குப் புத்தி வந்து ரயிலைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஜோலார்பேட்டைக் கூட்ஸ் வண்டி ஊதினால் தலைமடை முறை முடிந்தது என்று பேச்சு. ஒரு நாள் அந்த வண்டி சாயங்காலம்தான் ஊதியது. அன்றைக்கு மூன்றாவது மண்டை.

அப்புறம்தான் ஒரே ஆளின் நிழலை, அந்த ஒரே ஆளின் காலால் அளப்பது என்று முடிவாயிற்று. ஊற்றுக்காலில் ஒரு சாண் நிலமும் இல்லாத ஆளாகத் தேடினார்கள். இவர் கிடைத்தார். அப்போது அவருக்கு வயது இருபதுக்கு மேல் சொற்பம். அறுவடைக்கு ஒவ்வொரு களத்திலும் அவருக்கு ஒரு கட்டு நெல் என்று பேசி, அவர் உடம்பை ஊர் எடுத்துக்கொண்டது.

உடம்பை எடுத்துக்கொண்டது என்று நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. அவரே அப்படித்தான் சொல்வார். "இது என் ஒடம்பா?" என்பது அவர் வாயில் நாளைக்குப் பத்துத் தரம் வரும்.

அவர் பெண்சாதி குள்ளமான அம்மாள். அடுப்படியில் குடத்தைத் தூக்கி வைக்கச் சொன்னால், இவர் "இது என் ஒடம்பா? ஊரு ஒடம்பு. சுளுக்கிக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்பார்.

"ஊரு ஒடம்புன்னா ஊரு வந்து சோறு பொங்கிப் போடட்டும். என்னை இன்னாத்துக்குக் கட்டிக்கினு வந்தே?" என்று அந்த அம்மாள் குடத்தைத் தானே தூக்கி வைப்பார்.

அவர் குனிந்து யாரும் பார்த்ததில்லை. கீழே விழுந்த வெற்றிலைப் பையை எடுக்க வேண்டுமானால், முதுகு நேராக இருக்க, முழங்காலை மட்டும் மடக்கி, கோயில் தேர் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கி எடுப்பார். அளக்கிற நேரத்தில் நிமிர்ந்து நின்றால் போதாதா என்று ஒரு தரம் கேட்டேன்.

"ஒரு தரம் குனிஞ்சா முதுகு ருசி கண்டுடும்பா" என்றார்.

கிராமக் கணக்குப் பார்க்கிற ஜமாபந்திக்குத் தாசில்தார் வந்தார். ஊரே இடுப்பு வரை மடங்கி நின்றது. இவர் மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்று கையை மட்டும் கூப்பினார். தாசில்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருய்யா அவன்?"

மணியக்காரர் பதறிப்போய், "எசமான், அது ஆளு இல்லீங்க. எங்க ஊரு கடிகாரம்" என்றார்.

தாசில்தார் தம் கோட்டுப் பையிலிருந்து சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். இவரைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்துச் சாவி கொடுத்து வைத்துக்கொண்டார். எது சரி என்று அவர் முடிவுசெய்தார் என்பது தெரியவில்லை.

நிழல்காரர் திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கொண்டது இன்னொரு தகராறு. குடுமியையும் மயிரையும் எடுத்தால் தலை எவ்வளவு குறையும் என்று ஊர் அரை நாள் பேசியது. ஒரு நெல் மணி அளவு என்று தலைமடை; ஒன்றுமே இல்லை என்று கடைமடை. கடைசியில் அவருக்குப் பதிலாக அவர் மச்சினன் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். சாமி ஒன்றும் சொல்லவில்லை. நான் முன்பே சொன்னேன், சாமி பேசாது.

இவ்வளவிலும் என் பங்கு என்னவென்றால், நான் கடைமடையின் சாட்சி. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேலூரில் மெட்ரிகுலேஷன் படித்தவன். தேறினேனா என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்வது தற்பெருமை என்று விட்டுவிட்டேன். அப்பா செத்த பிறகு கால்வாயின் கடைசிக் கோடியில் மூன்று கழனி எனக்கு வந்தது. தண்ணீர் ஊரிலுள்ள எல்லோரையும் குசலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் வந்து சேரும் இடம். தலைமடையின் சாட்சி மணியக்காரர். காலையில் பிரிவு மடைக்குப் பக்கத்தில் மணலைத் தட்டிச் சமன் செய்வோம். நிழல்காரர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பார். தலையின் நிழல் விழுகிற இடத்தில் நான் ஒரு கோடு கிழிப்பேன். மணியக்காரர் அது கோணல் என்று பக்கத்தில் இன்னொரு கோடு கிழிப்பார். நிழல்காரர் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து அளந்து, "நாலு" என்று சொன்னால் மடை மாறும். அவர் "நாலு" என்று சொன்ன பிறகு யாரும் பேசியதில்லை. முப்பது வருஷத்தில் ஒரு நாளும் யாருக்காகவும் அவர் ஓர் அங்குலம் இழுத்ததுமில்லை, விட்டதுமில்லை.

ஒரு சமயம் ஆம்பூரில் தோல்ஷாப் வைத்திருந்த பாய் அவருக்கு ஒரு ஜோடு தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பாய்க்குத் தலைமடையில் இரண்டு காணி இருந்தது. நடுவெயிலில் மணலில் வெறுங்காலோடு நிற்கிறாரே என்ற இரக்கம்தான். கெட்டித் தோல், அடிக்கு லாடம். பார்த்ததும் கடைமடை கொதித்தது. "லஞ்சம்டா இது! கால் பெரிசானா கணக்கு மாறும்!" கணக்கு மாறும் என்பது சரி. எந்தப் பக்கம் மாறும் என்று ஒருவருக்கும் புரியவில்லை. மூன்று நாள் ஊரே மணலில் கால் வைத்து வைத்துப் பார்த்தது. என்னைக் கேட்டார்கள். நான் ஒரு காகிதத்தில் முக்கோணம் போட்டு, பாதம் நீண்டால் நிழல் சீக்கிரமே நாலடிக்குள் அடங்கிவிடும், தலைமடை முறை சீக்கிரம் முடியும் என்று சொன்னேன். அதாவது ஜோடு கொடுத்த பாய்க்குத்தான் நஷ்டம்.

மணியக்காரர் பாயைப் பிடித்துக்கொண்டார். "இன்னா பாய், நம்ம தண்ணிக்கே வேட்டு வெச்சிட்டியே!"

"அரே, நான் கால் சுடுதேன்னு குடுத்தேன். கணக்கு யாருக்குத் தெரியும்?" என்றார் பாய். அன்றிலிருந்து அவர் நல்லவர் என்று இரண்டு மடையும் ஒப்புக்கொண்டது. ஜோட்டை மட்டும் மேகம் மூடிய நாளில்தான் போடலாம் என்று தீர்மானம். ஆகவே அந்த உயர்ந்த தோல் ஜோட்டை அவர் மழை பெய்யும்போது மட்டும் போட்டுக்கொண்டு நடந்தார்.

இனி என் அயோக்கியத்தனத்துக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஊற்றுக்கால் தோண்டும்போது என் கன்றுக்குட்டி மணல் பள்ளத்தில் விழுந்துவிட்டது. கரை சரிந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் சுற்றி நின்று பத்து யோசனை சொன்னார்கள். நான் பதினோராவது யோசனை சொன்னேன். நிழல்காரர் ஒன்றும் சொல்லாமல் பள்ளத்தில் இறங்கி, முப்பது வருஷமாகக் குனியாத முதுகை ஒரே மடக்காக மடக்கி, கன்றைத் தூக்கி என் கையில் கொடுத்தார். கன்று நிமிர்ந்து ஓடிவிட்டது. அவர் நிமிரவில்லை.

வைத்தியர் வந்தார், தைலம் வந்தது, ஒத்தடம் வந்தது. ஓரளவு எழுந்து நின்றார். ஆனால் ஆள் ஒரு சாண் குறைந்திருந்தார். அவர் பெண்சாதிக்கு மட்டும் அதில் துக்கம் இல்லை. "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என் தலைக்கு மேலயே பாத்துனு பேசும். இப்பதான் என் மூஞ்சியப் பாக்குது" என்றார்.

ஆள் குறைந்தால் நிழல் குறையும். காலையில் அது சீக்கிரமே நாலடிக்கு வந்துவிடும். தலைமடையின் நேரம் குறையும். பிற்பகலில் நாலடிக்கு நீள அதிக நேரம் பிடிக்கும். கோயிலின் நேரம் குறையும். இரண்டு பக்கமும் மிஞ்சுவது நடுவில் இருக்கும் கடைமடைக்கு. காலையில் ஒரு நாழிகை மணியக்காரர் தண்ணீரும், பிற்பகலில் ஒரு நாழிகை சாமித் தண்ணீரும் என் கழனிக்கு வந்தன. அந்த நவரைப் பட்டத்தில் என் நெல் நின்ற நிலையை என் அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார். கன்றும் பிழைத்தது, பயிரும் பிழைத்தது. நான் தினமும் அவர் முதுகைக் குசலம் விசாரித்தேன். எந்தப் பதிலை எதிர்பார்த்து விசாரித்தேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

ஒரு நாள் அவரே என்னிடம் வந்தார். முகத்தில் குழப்பம்.

"ஏம்பா, நீ படிச்சவன். என் ஒசரத்துக்கு ஒரு குச்சி நட்டுட்டா போதாதா? குச்சிக்கு முதுகு வலிக்காதே?"

வேலூர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றிரண்டு விஷயங்களில் அது ஒன்று. குச்சி போதும். முதல் நாளே எனக்குத் தெரியும். அந்த ஊர் முப்பது வருஷமாக ஒரு மனிதனை நட்டுவைத்திருந்தது, ஒரு கழியை நட மறந்து.

"குச்சிக்குப் பாதம் இல்லையே மாமா. எந்தக் காலால அளக்கறது?" என்றேன்.

அவர் யோசித்தார். "ஆமால்ல. படிச்சவன் படிச்சவன்தான்" என்று போய்விட்டார்.

மணியக்காரர் மட்டும் முட்டாளா? தம் கடைசிக் கழனியில் தண்ணீர் ஏறவில்லை என்பது பத்து நாளில் அவருக்குப் புரிந்துவிட்டது. பஞ்சாயத்து கூடியது. "ஆளு நிமிரணும். இல்லாட்டி முறை செல்லாது" என்று தலைமடை. "இந்த ஆளுன்னுதான் பேச்சு. நிமிர்ந்த ஆளுன்னு யாரு சொன்னது?" என்று கடைமடை. இந்த இரண்டாவது வாதம் நான் எழுதிக்கொடுத்தது.

நிழல்காரர் கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். இது என் ஒடம்பா? நிமித்துங்க."

சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுப்பது போல அவர் முதுகில் ஒரு மூங்கில் பிளாச்சை வைத்து, இடுப்பிலும், கையோடு சேர்த்து மார்பிலும், நெற்றியிலும் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர் உதட்டைக் கடித்தார். ஆள் பழைய உயரத்துக்கு வந்துவிட்டார். முகம்தான் பழைய முகமாக இல்லை. நெற்றி வேர்வை மூக்கு வழியாகச் சொட்டி மணலில் விழுந்தது. நான் கோடு கிழிக்கக் குந்தினேன். என் கோட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சொட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மணியக்காரர்கூடத் தம் கோட்டைக் கிழிக்கவில்லை.

இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் அவர் அடி வைக்கத் தொடங்கியபோது, என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"கட்டை அவுருங்க. ஒரு குச்சி போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் திரும்பினார். கழுத்து திரும்பாததால், கதவு திரும்புவது போல முழு ஆளும் திரும்பினார்.

"குச்சிக்குப் பாதம் இல்லேன்னியே?"

"உங்க பாதத்து நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டிக்கிட்டா போதும் மாமா."

"இது உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"மொதல்லேர்ந்தே."

கடைமடைக்காரன் ஒருவன் என் பின்னால் நின்று, "பாவி, வாய மூடுடா" என்று கிசுகிசுத்தான். நிழல்காரர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையும் கட்டுக்குள் இருந்தது என் அதிர்ஷ்டம். மற்றவர்களைப் பார்த்து, "அவுருங்கப்பா" என்றார்.

குச்சி சரி, எந்த உயரத்துக்குக் குச்சி? பனைமர உயரம் இருந்தார் என்று தலைமடை சத்தியம் செய்தது. எப்போதுமே குட்டையான ஆள்தான் என்று கடைமடை சத்தியம் செய்தது. நான்காவது மண்டை தயாராகிக்கொண்டிருந்தபோது பாய் நடுவில் புகுந்தார்.

"இதுக்கு இன்னா இவ்ளோ பேஜாரு? ரெண்டு கையையும் பக்கத்துல விரிச்சா, இந்த விரல்லேர்ந்து அந்த விரல் வரைக்கும் எவ்ளோவோ அவ்ளோதான் ஆளு ஒசரம். முதுகு கம்மி ஆவும், கை கம்மி ஆவாது."

ஊர் நம்பவில்லை. அவனவன் கையை விரித்து அளந்து பார்த்தான். அக்கரையில் போன பாசஞ்சர் வண்டியில் இருந்தவர்கள், ஒரு கிராமமே ஆற்றோரம் சோளக்கொல்லைப் பொம்மையைப் போல நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பாய் சொன்னது சரியாக இருந்தது. நிழல்காரர் கையை விரித்தார். சவுக்குக் கழி ஒன்றை, மண்ணுக்கு மேலே அந்த நீளம் நிற்கும்படி நட்டார்கள். அவர் பாதத்துக்குக் கயிறு வெட்டினார்கள்.

மறுநாளிலிருந்து தலைமடைக்கு அதன் நாழிகை திரும்பியது, சாமிக்கும் திரும்பியது. கடைமடை என்னோடு பேச்சை நிறுத்தியது. எங்கள் பயிர் அதிகத் தண்ணீருக்குப் பழகி, பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. ஊற்றும் அந்த வருஷம் இளைத்துவிட்டது. ஒரு வாரத்தில் என் கடைசிக் கழனி வெடிப்பு விட்டது. தலைமடை விட்டுக்கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் பதர்தான். போய்க் கேட்கலாம். என்ன முகத்தோடு கேட்பது?

ஒரு நாள் காலையில் நிழல்காரர் கோலூன்றி வரப்பு மேல் வந்தார். கட்டெல்லாம் போய், முதுகு தன் இஷ்டத்துக்கு வளைந்திருந்தது. தரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கால்வாய்ல இத்தினி நண்டு இருக்குதா? நான் பாத்ததே இல்லபா" என்றார். பிறகு என் கழனியின் வெடிப்பைப் பார்த்தார். கோலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார்.

"எத்தினி நாளு தண்ணி வேணும்?"

"மூணு நாளு, காலையில ஒரு ஒரு நாழி. அது போதும், பால் பிடிச்சிடும்."

"கேட்டியா?"

"கேக்கற மூஞ்சா மாமா இது?"

அவர் திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே போனேன். நேரே மணியக்காரர் வீட்டு வாசல். மணியக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். நிழல்காரர் கோலை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையையும் கூப்பி, அந்த முதுகு எவ்வளவு மடங்குமோ அவ்வளவும் மடங்கினார். விரல் தரையைத் தொட்டது.

"ஐயா, இவன் கழனிக்கு மூணு நாளு, நாளைக்கு ஒரு நாழி தண்ணி வுடணும்."

மணியக்காரர் வேப்பங்குச்சியோடு துள்ளி எழுந்தார். "அண்ணே! அண்ணே! இன்னாண்ணே இது! நிமிருங்க!"

"நிமிர்றதுக்குத்தான் குச்சி நட்டாச்சே. நீ தண்ணிக்கு பதில் சொல்லு."

"எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே, எடுத்துக்கச் சொல்லுங்க. மொதல்ல எழுந்திரிங்க, யாராச்சும் பாத்தா என்னை இன்னா சொல்லுவாங்க!"

நானும் மணியக்காரருமாக அவரைத் தூக்கி நிறுத்தினோம். வெளியே வந்ததும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"கடைமடைல இன்னும் எத்தினி கழனி வெடிச்சிருக்குது?"

"ஏழு மாமா."

"தலைமடைல மணியக்காரர் போக எத்தினி வூடு?"

"ஒம்பது."

"சரியாப் போச்சு. கோலைக் குடு" என்றார். "முப்பது வருஷமா ஒருத்தனுக்கும் குனியாம சேத்து வெச்சிருக்கேன். பொழுது சாயறதுக்குள்ள செலவு பண்ணிடலாம், நட."